குங்குமச் சிமிழில் ஏழாவது

எனக்கு அம்மன் முகத்தை நிமிர்ந்து பார்க்கக் கூச்சம், ஆடி மாதம் வந்தால் இன்னும் அதிகம். கோயிலுக்குப் போகாமல் இருக்கமாட்டேன். போய், அவள் பாதத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். "ஏன்மா, முகத்தப் பாத்துக் கும்புடேன்" என்று என் மகள்கூடக் கேட்டிருக்கிறாள். கண் கூசுகிறது என்று சொல்லிவைத்திருக்கிறேன். தொண்ணூற்றொன்றாம் வருஷத்து ஆடியில் நான் செய்த காரியம் அப்படி.

ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவில் எங்கள் ஊர். அப்போது இந்தப் பக்கம் கார் கம்பெனியும் கிடையாது, கம்பெனி பஸ்ஸும் கிடையாது. என் வீட்டுக்காரர் பூந்தமல்லி பக்கம் ஒரு பட்டறையில் ஷிப்ட் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தார். ஊரில் கோயில் கமிட்டியிலும் இருந்தார். நான் எட்டாவதோடு நின்றவள். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து மகள் பிறந்தாள். பிறந்தால் வெள்ளிக்கிழமை தோறும் என் கையால் செவ்வரளி மாலை கட்டிப் போடுகிறேன் என்று அம்மனிடம் வேண்டிக்கொண்டிருந்தேன். அதன்படி செய்துவந்தேன்.

பூவுக்கு அலைய வேண்டியதில்லை. கோயில் மதிலுக்கு மேற்கே சின்னதாக ஒரு நந்தவனம். அதற்கு வேலி மாதிரி முப்பது நாற்பது அரளிச் செடி ஆள் உயரத்துக்கு நின்றது. அந்த வேலியை எடுத்துவிட்டு, கூழ் வார்க்க சிமெண்டு மேடை போட வேண்டும் என்று கமிட்டியில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. செடி நிறையப் புழு வேறு. உடம்பில் கறுப்பும் வெள்ளையுமாக வரி, முதுகில் ஜோடி ஜோடியாகக் கறுப்புக் கொம்பு. ஆடு மாடு வாய் வைக்காத விஷச் செடியை அது மட்டும் நிதானமாகத் தின்னும். பூப்பறிக்கிற எங்களுக்கு அதைக் கண்டால் அருவருப்பு.

எங்கள் வீட்டை ஒட்டின அறையில் ஒரு டீச்சர் வாடகைக்கு இருந்தார். ஹைஸ்கூலில் சயின்ஸ் எடுப்பவர். தெற்கத்திப் பக்கம், முப்பது வயசு இருக்கும். காலையில் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னாலும் சாயங்காலம் வந்த பிறகும் ஏரிக்கரை, முள்ளுக்காடு, நந்தவனம் என்று சுற்றுவார். இந்த ஊரில் எத்தனை வகைப் பட்டாம்பூச்சி இருக்கிறது, ஒவ்வொன்றின் பெயர் என்ன, எந்தச் செடியை நம்பி அது உயிரோடிருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். "எல்லாத்துக்கும் ஒரே பேருதானே டீச்சர், பட்டாம்பூச்சி" என்று நான் சிரித்தேன். "ஊர்ல இருக்கிற பொம்பளைங்க எல்லாத்துக்கும் பொம்பளைன்னு ஒரே பேரு வச்சா ஒத்துக்குவீங்களா அக்கா?" என்றார்.

வேலியை வெட்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு அவர் கமிட்டித் தலைவரைப் போய்ப் பார்த்தார். நானும் கூட நின்றேன்.

"இன்னா டீச்சரம்மா, புழுவுக்கு வக்காலத்து வாங்க வந்துகிறியா?" என்றார் தலைவர்.

"புழுதாங்க நாளைக்குப் பட்டாம்பூச்சி. இந்த ஊர்ல இவ்வளவு அரளி வேற எங்கயும் இல்ல. வேலி போச்சுன்னா அதுவும் போயிடும்."

"அது பேரு இன்னா?"

"இன்னும் தெரியல. கறுப்பா ரெண்டு மூணு வகை இருக்கு. கூட்டுல இருந்து வெளிய வந்தாத்தான் இன்னதுன்னு சொல்ல முடியும்."

"பேரே தெரியாததுக்கு வேலிய வுடணுமா? ரேஷன் கார்டுல பேரு இருந்தாத்தாம்மா மனுசனுக்கே அரிசி." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவருக்கே அந்தப் பேச்சு பிடித்துப்போனதோ என்னவோ, கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி. பேரக் கண்டுபுட்ச்சினு வா. அப்பறம் பாக்கலாம். ஆடி நாலாம் வெள்ளி முடியறவரிக்கும் வேலில கை வெக்க மாட்டோம்."

அந்த வாரமே டீச்சர் நன்றாக முற்றின புழுக்களாக ஏழு பார்த்து, அவை இருந்த கிளைகளில் சிவப்பு நூல் கட்டினார். கட்டின கையோடு அவருக்குக் காஞ்சிபுரத்தில் ஒரு வாரப் பயிற்சி வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் புறப்படும்போது என்னிடம் நோட்டைக் கொடுத்தார்.

"நீங்கதான் விடியக்காலைல பூப்பறிக்கப் போறீங்களே அக்கா. நூல் கட்டின இடத்துல என்ன இருக்குன்னு தினம் ஒரு வரி எழுதுங்க, போதும். பூச்சி வெளிய வர எட்டுப் பத்து நாள் ஆகும். அதுக்குள்ள நான் வந்துடுவேன்."

"நானா? எனக்கு எழுத்துப் பிழை வரும் டீச்சர்."

"கண்ணுல பிழை இல்லாம இருந்தாப் போதும்."

எட்டாவதோடு நின்றவளிடம் யார் நோட்டு கொடுப்பார்கள்? புதன்கிழமை காலையில் ஈரத் தலையோடு போய்ப் பார்த்தேன். ஏழு புழுவும் இலைக்கு அடியில் தலைகீழாகத் தொங்கின. "ஏழும் தலைகீழாகத் தொங்குது. அசையலை" என்று எழுதினேன். வியாழக்கிழமை புழுவைக் காணோம். அந்த இடத்தில் வெளிர் மஞ்சளாக ஒரு மணி மாதிரி. கீழே புழு உரித்துப் போட்ட தோல் சுருண்டு கிடந்தது. அதையும் எழுதினேன். என் கையெழுத்தை நானே நாலு தடவை படித்துப் பார்த்துக்கொண்டேன்.

அடுத்த நாள் ஆடி மூன்றாம் வெள்ளி. அதற்கு முன் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். எதிர்வீட்டு அக்காவின் அண்ணன் அந்த ஆடியில் வாராவாரம் பட்டணத்துப் பூக்கடையிலிருந்து ரோஜா மாலை வாங்கி அனுப்பினார். கை தடிமன் மாலை. பூசாரி அதை மேலே சாத்தி, என் அரளியை அடியில் சாத்தினார். முதல் இரண்டு வெள்ளியும் என் பூ ஒன்றுகூட வெளியில் தெரியவில்லை. "அடியில இருந்தா இன்னாமே, அம்மா மேலதான கீது" என்றாள் அந்த அக்கா, பெரிய மனசோடு சொல்வதுபோல. அது நியாயமான பேச்சுதான். எனக்கு ஆறவில்லை.

வெள்ளிக்கிழமை விடியலில் நந்தவனத்துக்குள் போனேன். அரளி இலைக்கு அடியில் ஏழு பொன் துளி தொங்கிக்கொண்டிருந்தது.

பொன் என்றால் மஞ்சள் நிறம் என்று நினைத்துவிடக் கூடாது. தட்டான் மெருகு போட்டுக் கொடுத்த குண்டுமணி மாதிரி. கிட்டே போனால் என் முகம் அதில் சின்னதாகத் தெரிந்தது. சூரியன் வந்ததும் கண்ணில் அடித்தது. நான் அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டேன். அந்தக் கும்பிடு பொய்யில்லை. இவ்வளவு அழகை அவள் அல்லாமல் யார் செய்ய முடியும் என்றுதான் நினைத்தேன். அடுத்த நினைப்புதான் கெட்டது. இது என் அரளியில் வந்தது, இதை வைத்துக் கட்டினால் ரோஜா எந்த மூலை என்று தோன்றியது.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. புழு தொங்கினதை நான்தான் பார்த்தேன். மணியானதையும் நான்தான் எழுதினேன். சிவப்பு நூல் ஏழும் கண்ணெதிரே இருந்தது. ஒவ்வொரு நூலையும் விலக்கிவிட்டுத்தான் பறித்தேன். அன்றைக்கு நோட்டைத் திறக்கவே இல்லை.

ஆறை மாலையில் சரிக்குச் சரியாகக் காம்போடு சேர்த்து நாரால் கட்டினேன். ஏழாவதற்கு ஜோடி இல்லை. அதை வீட்டு பூஜை அலமாரியில், கோயில் குங்குமம் வைக்கிற பெரிய மரச் சிமிழுக்குள் வைத்து மூடினேன்.

பூசாரி மாலையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார். "இன்னாமா இது?"

"செடில இருந்துச்சி, சாமி."

அது ஒன்றுதான் நான் சொன்னது. மீதியை ஊர் சொல்லிக்கொண்டது. தாயி அரளியில் பொன் காய்ச்சிருக்கா என்று முதல் தீபாராதனைக்கே பேச்சு கிளம்பிவிட்டது. பக்கத்து ஊரிலிருந்து மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். என் மாலை மேலே ஏறியது. "அய்ய, எங்க அண்ணன் அம்மாந் தூரத்துலேர்ந்து வாங்கியாந்த ரோஜாவ எங்கமே சொருகிட்டாரு இந்த மனுசன்?" என்று எதிர்வீட்டு அக்கா தேடினாள். தேடிவிட்டு, அவளே வந்து என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "உன் கை தொட்ட செடிமே அது." நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் தரையில் நடக்கவில்லை. என் வீட்டுக்காரர் ஓ.டி.கூடப் பார்க்காமல் கோயிலிலேயே நின்றார்.

திங்கட்கிழமை பொன் போய்விட்டது. கற்பூரச் சூடு, அபிஷேகத் தண்ணீர், மாலையின் பாரம், எல்லாம் சேர்ந்து ஆறும் கறுத்துவிட்டன. இரண்டு நசுங்கி ஒழுகியிருந்தது. லேசாக நாற்றம். பூசாரி மாலையைக் கழற்றி வெளியே போட்டார். அம்மனுக்குக் கோபம் என்றார்கள். யாரோ அசுத்தம் பண்ணியிருக்கிறார்கள் என்றார்கள். யார் என்று கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை.

"அந்த டீச்சருதான் செருப்பக் கயட்டாம அரளிக்குள்ள பூந்து பூந்து வந்துகினு இருந்துச்சே" என்றாள் எதிர்வீட்டு அக்கா.

"நெருஞ்சி முள்ளு குத்துதாம். நமக்குக் குத்தலியா?" என்றார் ஒருவர்.

"அந்த வேலியே வேணாம்பா. நாலாம் வெள்ளி முடியட்டும், மறு திங்கக்கெயம ஆள வுட்டு வெட்டிறலாம்" என்றார் தலைவர்.

நான் தண்ணீர்க் குடத்தோடு அங்கேதான் நின்றேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தபோது தலையைக்கூட ஆட்டினேன்.

மறுநாள் டீச்சர் வந்தார். பையை இறக்கி வைக்காமலே நந்தவனத்துக்குப் போய்விட்டு, வேகமாக என் வாசலுக்கு வந்தார்.

"நூல் இருக்கு, கூடு இல்லையே அக்கா?"

"வெள்ளிக்கிழம காலையிலயே காணோம் டீச்சர். குருவி கிருவி கொத்தியிருக்கும்."

நோட்டை வாங்கி வெள்ளிக்கிழமைக்கு நேரே 'பறவை' என்று எழுதினார். கொஞ்சம் யோசித்துப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். நான் அந்தக் குறியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலத்துக்குள் யாராவது அவரிடம் பொன் கதையைச் சொல்லியிருக்க வேண்டும். இருட்டுகிற நேரத்தில் தண்ணீர் பிடிக்கும்போது மெதுவாகக் கேட்டார். "கோயில்ல பொன் காய்ச்சதாமே அக்கா?"

நான் குடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மறுபடி கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து பால்காரர் அவருக்குப் பால் ஊற்றவில்லை. கோயில் வழியாக அவர் போனால் பேச்சு நின்றுவிடும். அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த இடத்தைக் கடந்துபோனதை ஒரு நாள் பார்த்தேன். மீதமிருந்த புழுக்கள் எல்லாம் சின்னது. கெடுவுக்குள் ஒன்றும் கூடு கட்டிப் பூச்சியாகாது என்று அவருக்குத் தெரியும். நாலாம் வெள்ளியும் போயிற்று. பூஜை அலமாரியில் இருந்த பெரிய சிமிழை நான் தொடவில்லை. உள்ளே அது நாறிக் கிடக்கும் என்று பயம்.

ஞாயிற்றுக்கிழமை காலை விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். அலமாரியில் சுரண்டுகிற சத்தம் கேட்டது. கரப்பான் என்று நினைத்து டப்பாக்களை நகர்த்தினேன். சத்தம் சிமிழுக்குள்ளிருந்து வந்தது.

மூடியைத் திறந்தேன். குங்குமத்துக்கு நடுவே ஒரு பட்டாம்பூச்சி. கால், கொம்பு, இறகு எல்லாம் சிவப்பு. இறகு இரண்டு பக்கமும் ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி சுருங்கியிருந்தது. பக்கத்தில் கண்ணாடித் தாள் மாதிரி ஒரு வெற்றுக் கூடு. அதில் பொன் துளிகூட இல்லை. அது காலை ஊன்றி ஊன்றி எழப் பார்த்தது, குங்குமம் சரிந்து மறுபடி விழுந்தது. அம்மன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தபடி எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது.

என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிமிழைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வெளிய சொன்னியா?"

"இல்ல. டீச்சருகிட்டயாவது சொல்லணும்."

"சொல்லிக்கோ. ஊர்ல வாயத் தொறக்காத. பக்கத்தூரு ஜனம் வந்து வுழுந்து கும்புட்டுட்டுப் போயிருக்கு. புழுவக் கட்டி சாமிக்குப் போட்டவன்னு ஆயுசுக்கும் சொல்லுவாங்கடி."

சிமிழை முந்தானையில் மறைத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனேன். மூடியைத் திறந்து வைத்துவிட்டு, "ஏழையும் நான்தான் பறிச்சேன் டீச்சர். குருவி இல்ல" என்றேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் வந்தது சந்தோஷம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. விரலில் அதை ஏற்றிக்கொண்டு, ஓரமாக ஊதி ஊதிக் குங்குமத்தைப் போக்கினார். நனைத்த பஞ்சால் இறகை நீவினார். கறுப்புக்கு அடியிலிருந்து வெள்ளைப் புள்ளி ஒவ்வொன்றாக வந்தது. ஓரத்தில் இரண்டு வரிசை. மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு படத்தையும் புள்ளியையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "இதுதான் அக்கா. சந்தேகமே இல்ல. இங்கிலீஷ்ல காக்கான்னு பேரு வச்சிருக்காங்க."

"பறக்குமா?"

"பறக்காது. வெளிய வந்ததும் இறகு விரிய இடம் வேணும். இடம் இல்லாமப் போச்சு." அவர் குரலில் குற்றம் சொல்லுகிற தொனி இல்லை. நோட்டை எடுத்து பெயர், செடி, இடம் எல்லாம் எழுதினார். 'கண்டவர்' என்று இருந்த இடத்தில் என் பெயரை எழுதினார்.

"அது வேணாம் டீச்சர். பறிச்சவன்னு எழுதுங்க."

"அதுக்கு இதுல கட்டம் இல்லக்கா." பிறகு 'தமிழ்ப் பெயர்' என்ற இடத்தைக் காட்டினார். வெறுமையாக இருந்தது. "இதுக்கு நம்ம பக்கம் பேரு எதுவும் கிடைக்கல. நீங்க ஒண்ணு வையுங்க."

ஆறைக் கொன்று ஒன்றை முடமாக்கினவள் எந்த வாயால் பெயர் வைப்பேன்? வராது என்று தலையாட்டினேன். அவர் அந்த இடத்தை அப்படியே விட்டார்.

"பேரு கெடச்சிடுச்சி. தலைவர்கிட்ட இப்பவே போய்ச் சொல்றேன். ஆனா செருப்புக்காரி சொன்னா எடுபடாது. பொன்னுன்னு சொன்னது கூடுதான்னு நாளைக்கு ஆளு வர்றதுக்கு முன்னாடி நீங்க ஒரு வார்த்தை சொல்லணும் அக்கா. நீங்க சொன்னா நம்புவாங்க."

சரி என்றேன். சத்தியமாகச் சொல்லவேண்டும் என்றுதான் நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை அரிவாளோடு நாலு பேர் வந்துவிட்டார்கள். தலைவர், பூசாரி, என் வீட்டுக்காரர், எதிர்வீட்டு அக்கா, இன்னும் பத்துப் பேர். டீச்சர் நோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நேத்து வந்து இன்னாவோ பேரு சொன்னியே, திரும்பச் சொல்லும்மா, எல்லாரும் கேக்கட்டும்" என்றார் தலைவர்.

டீச்சர் சொன்னார்.

"காக்காவா? காக்காவுக்குப் பிண்டம் வெக்கிறோமே பத்தாதா, வேலி வேற வெக்கணுமா?" எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

வாயைத் திறந்தேன். எதிர்வீட்டு அக்கா முந்திக்கொண்டு, "இந்தம்மா கண்ணுலகூட தண்ணி பாரு. பொன்னு காய்ச்ச செடிய வெட்டறதுக்கு அவளுக்கு மனசு வருமா? பண்ணவங்க பண்ணிட்டு நிக்கிறாங்க" என்றாள். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். "அது பொன்னு இல்ல, நான் செய்தது" என்று நாக்கு நுனி வரை வந்தது. எல்லோர் முகத்திலும் எனக்கு இருந்த மரியாதையைப் பார்த்தேன். வந்தது உள்ளே போய்விட்டது. கையில் இருந்த கற்பூரத்தை அம்மனுக்கு ஏற்றப்போவதுபோல உள்ளே நடந்தேன்.

சன்னதியில் நின்றபடி அரிவாள் சத்தத்தைக் கேட்டேன். அன்றைக்குத்தான் கடைசியாக அவள் முகத்தைப் பார்த்தது.

வெளியே வந்தபோது வேலி படுத்திருந்தது. டீச்சர் உட்கார்ந்து, வெட்டுப்பட்ட கிளைகளைப் புரட்டிப் புரட்டி, புழு இருந்த கொத்துகளை மட்டும் ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டுக்கொண்டிருந்தார். காலில் செருப்பு இல்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து கிளை பொறுக்கினேன். அவர் தடுக்கவில்லை, பேசவும் இல்லை. வாளியை வாங்கப்போன என் கையைப் பார்த்து, "வேண்டாம் அக்கா, அரளிப் பால் பட்டா அரிக்கும்" என்று மட்டும் சொன்னார். அடுத்த கோடை விடுமுறையில் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

நான் பொறுக்கினதில் இரண்டு போத்து எங்கள் பின்கட்டில் நட்டேன். அரளியை வீட்டில் வைக்கக் கூடாது என்று என் வீட்டுக்காரர் சத்தம் போட்டார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் அடங்கவில்லை. பிடித்துக்கொண்டது. அடுத்த வருஷமே புழு வந்தது. வெள்ளிக்கிழமை மாலைக்கு அதில்தான் பறிக்கிறேன். ஒவ்வொரு இலையையும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பறிப்பேன். பொன் தொங்கினால், பூச்சி வெளியே வந்து பறந்து போகும்வரை அந்தக் கிளைக்குக் கை நீட்டமாட்டேன். மாலை சின்னதாகிவிடும். பூசாரி மகன் அதை அடியில் சாத்துவான். சாத்தட்டும்.

கோயில் மேடை இப்போது வெடித்துக் கிடக்கிறது. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து நெடுஞ்சாலையின் நடுவில் நீளத்துக்கு அரளி நட்டிருக்கிறார்கள். மகள் வீட்டுக்கு பஸ்ஸில் போகும்போது ஜன்னல் ஓரம் கிடைத்தால் பார்ப்பேன். லாரிக்கும் கார் ஏற்றிப் போகிற வண்டிக்கும் நடுவே சில நாள் கறுப்பாக ஒன்று தாழப் பறக்கும், ஓரத்தில் வெள்ளைப் புள்ளியோடு. இப்போது அதற்குத் தமிழில் பெயர் வைத்துவிட்டார்கள் என்று மகள் செல்போனில் பார்த்துச் சொல்ல வந்தாள். அப்புறம் சொல்லு என்றேன். அன்றைக்கு அந்த இடத்தை நிரப்பச் சொல்லி டீச்சர் நோட்டை என் பக்கம் திருப்பினார். எந்தப் பெயரைக் கேட்டாலும் அந்த வெற்றிடம்தான் எனக்கு முன்னால் வந்து நிற்கும்.

கோயில் கமிட்டியில் இப்போது இளைஞர்கள் இருக்கிறார்கள். ஆடி பிறக்கப் போகிறது. அந்த வருஷம் அரளியில் பொன் காய்த்த கதையை இன்னமும் ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள், என்னைக் கைகாட்டி. இந்த வருஷம் அதைச் சொல்ல வரும்போது எழுந்து நிற்க வேண்டும். இதை எழுதிப் பார்த்தது அதற்காகத்தான். படித்துக் காட்டினால்தான் என் வாயிலிருந்து வரும்.